அன்லாக் போனும் கூடவே வரும் ஆப்களும்: ஒரு எளிய விளக்கம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெரியம்மா ஒரு போனோடு ஆயர் ஈத்தாமிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் அவர் மகள், எனக்கு அக்கா, ஊருக்கு வந்திருந்தபோது, தான் இரண்டு வருடம் வைத்திருந்த சாம்சங்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நல்ல போன், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பெரியம்மா தன் பழைய போனிலிருந்து சிம்மை எடுத்து இதில் போட்டதும், திரை நடுவில் ஒரு கட்டம் வந்து நெட்வொர்க் அன்லாக் பின் எண்ணைக் கேட்டது.

"என் பின் நம்பர் எனக்குத் தெரியும் தம்பி, நாலு நம்பர்தானே. ரெண்டு தடவ போட்டுப் பாத்துட்டேன், எடுக்க மாட்டேங்குது லா" என்றார்.

அதைக் கேட்டதும் அவர் கையிலிருந்து போனை வாங்கி மேசையில் வைத்துவிட்டேன். அந்தக் கட்டம் கேட்பது பெரியம்மாவின் பின் நம்பரை இல்லை. பல போன்களில் தவறான எண்ணைக் குறிப்பிட்ட தடவைக்கு மேல் போட்டால், பிறகு சரியான எண்ணே கிடைத்தாலும் போன் ஏற்காது.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்படி ஒரு போன் வந்து சேராத வீடு குறைவு. ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கும் இதே சிக்கல் வருகிறது. அதனால் பெரியம்மாவுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அன்லாக் என்ற சொல். இந்த ஒரே சொல்லை நாம் நான்கு வேறு விஷயங்களுக்குச் சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. விரல் ரேகையோ நாலு இலக்க எண்ணோ கேட்பது திரைப்பூட்டு. அது நீங்களே வைத்தது. போனை முழுவதும் அழித்த பிறகும் பழைய ஜிமெயில் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ கேட்டு நிற்பது கணக்குப் பூட்டு. திருடியவனுக்குப் போன் பயன்படக் கூடாது என்று ஆப்பிள் 2013இலும் ஆண்ட்ராய்டு 2015இலும் கொண்டுவந்த காவல் அது. போனின் இயங்குதளத்தையே மாற்றிப் பார்க்கும் ஆர்வலர்கள் பூட்லோடர் என்று ஒன்றைப் பேசுவார்கள். நமக்கு அது தேவையில்லை, தொட வேண்டாம். நான்காவதுதான் பெரியம்மாவின் போனில் இருந்த லைன் பூட்டு, அதாவது போனை விற்ற லைன் நிறுவனத்தின் சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காமல் தடுப்பது. கடைக்காரர் "அன்லாக் செட்" என்று சொல்லும்போது இந்த நான்காவதை மட்டும்தான் சொல்கிறார். ஒரு போன் லைன் பூட்டு இல்லாமல் இருந்தும், முந்தைய சொந்தக்காரரின் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கலாம். அப்படிப்பட்ட போனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

லைன் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். போன் கவனிப்பது உங்கள் போன் நம்பரை இல்லை, சிம்முக்குள் இருக்கும் வேறொரு நீளமான எண்ணை. ஐஎம்எஸ்ஐ என்பார்கள், பெரும்பாலும் 15 இலக்கம். அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். மலேசியாவுக்கு 502, சிங்கப்பூருக்கு 525, இந்தியாவுக்கு 404, 405, அமெரிக்காவுக்கு 310இலிருந்து சில எண்கள். அடுத்து வருவது நிறுவனத்தின் எண். மெக்சிஸுக்கு 12, டிஜிக்கு 16, யூ மொபைலுக்கு 18, செல்கோமுக்கு 19.

இந்த எண்களைப் பார்த்ததும் நம் ஊர்க்காரர்களுக்குப் பொறி தட்டியிருக்கும். 012 என்றால் மெக்சிஸ், 016 என்றால் டிஜி, 019 என்றால் செல்கோம் என்று நம்பரை வைத்தே லைனைச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2008இல் நம்பரை மாற்றாமலேயே லைனை மாற்றிக்கொள்ளும் வசதி வந்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. 2022 கடைசியில் செல்கோமும் டிஜியும் இணைந்து ஒரே நிறுவனமாகவும் ஆகிவிட்டன. பெரியம்மாவின் நம்பர் இன்றும் 012தான், ஆனால் அவர் வேறு லைனுக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. அவர் சிம்முக்குள் எழுதியிருப்பது புது லைனின் எண்.

பூட்டிய போனில், ரேடியோவை இயக்கும் மோடம் பகுதிக்குள் ஒரு சின்னப் பட்டியல் இருக்கிறது. இன்னின்ன நாடு, இன்னின்ன நிறுவனம், இவற்றுக்கு மட்டும் அனுமதி. சிம்மைப் போட்டதும் போன் அந்த 15 இலக்கத்தின் தொடக்கத்தைப் படித்துப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. 310இல் தொடங்கும் அமெரிக்க நிறுவன எண்ணை எதிர்பார்த்திருக்கும் போனுக்கு 502 என்று வந்தால், "நீ என் ஆள் இல்லை" என்று கதவைச் சாத்திவிடும். நடப்பது இவ்வளவுதான். போன் கெட்டுப்போகவில்லை, சிம்மும் கெட்டுப்போகவில்லை. கேமரா ஓடும், வைஃபை ஓடும், வைஃபையில் வாட்ஸ்அப்பும் ஓடும். லைன் மட்டும் ஏறாது. இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம், போட்டாலும் இதே கதைதான், பூட்டிய போன் வேறு நிறுவனத்தின் இசிம்மையும் ஏற்காது.

எதற்காக இந்தப் பூட்டு? பணத்துக்காக. அமெரிக்காவில் போனை முழு விலைக்கு வாங்காமல், லைன் நிறுவனத்திடம் தவணையில் வாங்குவதே பலரின் பழக்கம். நிறுவனம் தள்ளுபடியில் போனைக் கொடுத்துவிட்டு, மாதக் கட்டணத்தில் அதைத் திரும்ப எடுக்கிறது. இடையில் வாடிக்கையாளர் வேறு லைனுக்கு ஓடிவிட்டால் நட்டம் என்பதால் போனையே கட்டிப்போடுகிறது. 2007இல் முதல் ஐபோன் வந்தபோது அமெரிக்காவில் ஏடி அண்ட் டி லைனில் மட்டும்தான் ஓடும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் போனைப் பிரித்து, சால்டரிங் செய்து, பூட்டை உடைத்துக் காட்டினான். அப்படித் திறந்த ஒரு போனைக் கொடுத்து பதிலுக்கு ஒரு நிசான் காரும் மூன்று ஐபோன்களும் வாங்கினான். பூட்டு இல்லாத ஒரு போனுக்கு அன்றைக்கு அவ்வளவு மதிப்பு.

பிறகு சட்டங்கள் ஒவ்வொன்றாக மாறின. 2013 தொடக்கத்தில் அமெரிக்காவில் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் போனை அன்லாக் செய்வது சட்டப்படி தவறு என்று ஆனது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு மனு போட்டார்கள், 2014இல் அந்த உரிமை சட்டமாகவே திரும்பக் கிடைத்தது. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து புதுப் போனைப் பூட்டி விற்கக் கூடாது. ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்தும் பிரிட்டனில் அதே ஆண்டு டிசம்பரிலிருந்தும் அப்படியே. ஆகவே பிரிட்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும் புதிய போன் பெரும்பாலும் பிரச்சினை தராது. அமெரிக்காவிலிருந்து வருவதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நம் ஊரில் போனைப் பூட்டி விற்பது வழக்கமில்லை. 24 மாதக் கான்ட்ராக்ட்டில் போன் எடுத்தால், கட்டுப்படுவது நீங்கள்தான், போன் இல்லை. இடையில் விட்டால் அபராதம் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் அதே போனில் இன்றைக்கே வேறு லைன் சிம்மைப் போட்டுப் பேசலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. தவணை கட்டாவிட்டால் தூரத்திலிருந்தே போனை முடக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. சாம்சங்குக்கே நாக்ஸ் கார்டு என்று ஒன்று உண்டு. தவணை முடியாத போனை யாராவது செகண்ட் ஹேண்டாக விற்றால், வாங்கியவர் கையில் ஒருநாள் அது பூட்டிக்கொள்ளும். அதனால் செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பழைய ரசீதைக் கேளுங்கள், தவணை முடிந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, பூட்டிய போன் கையில் வந்துவிட்டது, என்ன செய்வது? திறக்க வேண்டியவர் பூட்டியவர்தான். அக்காவுக்குப் போன் போட்டேன். தவணை முடிந்துவிட்டதா, கணக்கில் பாக்கி ஏதும் உண்டா என்று கேட்டேன். இரண்டு மாதத் தவணை மிச்சம் இருந்தது, அதைக் கட்டினார். பிறகு அந்த லைன் நிறுவனத்தின் பக்கத்தில் போனின் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து அன்லாக் கேட்டார். ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உள்ள 15 இலக்க அடையாள எண். அழைப்புப் பலகையில் *#06# என்று அழுத்தினால் அங்கேயே வந்துவிடும். சில நாளில் ஒரு எண் மின்னஞ்சலில் வந்தது. அந்தக் கட்டத்தில் அதைப் போட்டேன், ஒரு நொடியில் லைன் ஏறியது. பெரியம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

எல்லாப் போனுக்கும் எண் வராது. ஐபோனில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. எந்த ஐஎம்இஐ பூட்டியது, எது பூட்டாதது என்ற விவரம் ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. லைன் நிறுவனம் சொன்னால்தான் அங்கே மாறும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போய்க் கீழே இறங்கினால் கேரியர் லாக் என்ற வரி இருக்கும். சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அங்கே வந்தால் நிம்மதி. ஆண்ட்ராய்டில் இவ்வளவு தெளிவான வரி எல்லாப் போனிலும் கிடைக்காது. அமெரிக்காவின் டி-மொபைல் தன் சில ஆண்ட்ராய்டு போன்களில் அன்லாக் செய்வதற்கென்றே ஓர் ஆப்பைக் கூட வைத்துக் கொடுத்தது. அந்த மாதிரி ஆப் இருந்தால், அன்லாக் ஆகும்வரை அதை மட்டும் முடக்கிவிடாதீர்கள்.

கடையில் திறந்து தருவதாகச் சொன்னால் எப்படித் திறக்கிறார்கள் என்று கேளுங்கள். சித்தி மகன் கொம்தார் பக்கம் ஒரு கடையில் 900 வெள்ளிக்கு ஓர் ஐபோன் வாங்கினான். இரண்டு மாதம் நன்றாக ஓடியது, ஒரு அப்டேட் போட்டதும் லைன் போய்விட்டது. என்னிடம் கொண்டுவந்தான். ஊசியைக் குத்தி சிம் தட்டை வெளியே இழுத்தேன். சிம்முக்கு அடியில், வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக, தங்க நிறப் புள்ளிகளோடு ஒரு தகடு ஒட்டியிருந்தது. ஆர்-சிம் என்று சொல்வது இதைத்தான். சிம்முக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, வந்திருப்பது உன் ஊர் சிம்தான் என்று போனை ஏமாற்றும் சில்லு. பூட்டு அங்கேயே இருக்கிறது, ஏமாற்று மட்டும் நடக்கிறது. ஆப்பிள் அந்த ஓட்டையை அடைத்த நாளில் லைன் போய்விடும். 900 வெள்ளி அந்தப் பையனுக்கு அரை மாதம் வேலை செய்த காசு. இப்படி ஏமாற்றித் திறந்த போனை அன்லாக் செட் என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போகிறவர், கொம்தார் ஆனாலும் கோலாலம்பூர் லோ யாட் பிளாசா ஆனாலும், காசு கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே பத்து நிமிடம் நில்லுங்கள். சிம் தட்டை நீங்களே வெளியே எடுத்துப் பாருங்கள், உங்கள் சிம் போடும் இடத்தில் வேறெதுவும் இருக்கக் கூடாது. ஒரு லைன் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு, வைஃபையை அணைத்து ஒரு பக்கம் திறந்து பாருங்கள். கூட வந்தவரின் வேறு லைன் சிம்மையும் போட்டு அதேபோல் பாருங்கள். போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஆப்பிள் கணக்கோ கூகுள் கணக்கோ வெளியேற்றப்பட்டிருக்கிறதா பாருங்கள். *#06# எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை, பக்கத்திலேயே பத்துக் கடை இருக்கிறது.

பூட்டு திறந்தாலும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். போனின் ரேடியோ நம் ஊர் அலைவரிசைக்குப் பொருந்த வேண்டும். இங்கே 4ஜி பெரும்பாலும் 900, 1800, 2100, 2600 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, 5ஜி 700 மெகாஹெர்ட்ஸிலும் 3.5 கிகாஹெர்ட்ஸிலும். இப்போதைய விலை உயர்ந்த போன்களில் இவை அநேகமாக இருக்கும், மலிவான அமெரிக்கப் போன்களில் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று அதைவிட முக்கியம். மலேசியாவில் 3ஜி 2021 முடிவோடு நிறுத்தப்பட்டது. இப்போது குரல் அழைப்பு 4ஜி வழியாகப் போக வேண்டும், வோல்ட்டி என்பது அதற்குப் பெயர். வெளிநாட்டு நிறுவனத்தின் மென்பொருளோடு வந்த போன் நம் லைனின் வோல்ட்டியை ஏற்காமல் போகலாம். அப்போது நீங்கள் பேச ஆரம்பித்ததும் போன் 2ஜிக்கு இறங்கிவிடும், பேசி முடிக்கும்வரை இன்டர்நெட் நின்றுவிடும். பேசும்போது மேலே 4ஜி என்ற எழுத்து இருக்கிறதா, காணாமல் போகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அமெரிக்க ஐபோன் என்றால் இன்னொரு விஷயம், 2022இல் வந்த ஐபோன் 14இலிருந்து அங்கே விற்கும் போன்களில் சிம் தட்டே கிடையாது. இசிம்தான். நம் பெரிய லைன்கள் இசிம் கொடுக்கின்றன, ஆகவே ஊசியை வைத்துக்கொண்டு ஓட்டையைத் தேட வேண்டாம்.

இப்போது ஆப்களுக்கு வருகிறேன். பெரியம்மாவின் போன் திறந்த மறுநாளே மறுபடி அழைத்தார். "அன்லாக் பண்ணியாச்சே தம்பி, அந்தக் கம்பெனி படம் ஏன் இன்னும் வருது? அவங்க ஆப்லாம் அப்படியே இருக்கே."

போய்ப் பார்த்தேன். போனை அணைத்துப் போட்டால் முதலில் சாம்சங் பெயர், பிறகு அந்த அமெரிக்க நிறுவனத்தின் சின்னம் ஒலியோடு வந்து போகிறது. உள்ளே அவர்களுடைய பில் கட்டும் ஆப், குரலஞ்சல் ஆப், தொல்லை அழைப்பைத் தடுக்கும் ஆப், படங்களைச் சேமிக்கும் ஆப், யாரும் கேட்காத இரண்டு விளையாட்டு. இங்கே அந்த நிறுவனமே இல்லை, பில் ஆப்பைத் திறந்தால் உள்ளே நுழையக்கூட முடியாது.

வாடகை வீட்டின் பூட்டை மாற்றினால் முன்பு இருந்தவர் சுவரில் அடித்த ஆணி தானாக விழுந்துவிடாது. லைன் பூட்டு மோடத்தின் ஒரு பட்டியல். ஆப்கள் போனின் மென்பொருளோடு சேர்த்து எழுதப்பட்டவை. ஒன்றைத் தொட்டால் மற்றது மாறாது. இதே காரணத்தால் தலைகீழாகவும் நடக்கும். பூட்டே இல்லாமல், பெட்டி பிரிக்காமல் நேராகத் தயாரிப்பாளரிடமிருந்து வாங்கிய மலேசியா செட்டிலும் நீங்கள் போடாத ஆப்கள் இருக்கத்தான் செய்யும். ஆகவே போன் வாங்கும்போது இரண்டு தனிக் கேள்விகள்: எந்த லைனும் ஓடுமா? உள்ளே யார் யாருடைய ஆப் இருக்கிறது?

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் அடுக்கடுக்காக இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுளின் ஆப்கள் அடியில். அதன்மேல் தயாரிப்பாளரின் சொந்தக் கடை, சொந்த பிரௌசர், சொந்தக் குறிப்பேடு. அதன்மேல் பணம் கொடுத்தோ ஒப்பந்தம் போட்டோ இடம் பிடித்தவர்கள். பேஸ்புக் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2019 தொடக்கத்தில், சில சாம்சங் போன்களில் பேஸ்புக்கை நீக்கவே முடியாது, முடக்க மட்டும்தான் முடியும் என்பது உலகச் செய்தியானது. பேஸ்புக் ஆப்பைத் தூக்கிவிட்டாலும், அதை நிறுவவும் புதுப்பிக்கவும் உதவும் அதன் துணைப் பகுதிகள் பல போன்களின் ஆப் பட்டியலில் படம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். லைன் நிறுவனம் கேட்டுப் போட்ட ஆப்கள் இவற்றுக்கு மேல். ஐபோனில் இந்தக் கடைசி அடுக்கு கிடையாது. லைன் நிறுவனம் ஐபோனுக்குள் தன் ஆப்பை முன்கூட்டியே வைக்க ஆப்பிள் விடுவதில்லை.

இன்னொரு ஆப் பலரைக் குழப்பும். புத்தம் புதுப் போன், எதுவும் நிறுவவில்லை, ஆனால் சிம்மைப் போட்டதும் லைன் பெயரோடோ சிம் டூல்கிட் என்றோ ஒரு சின்னம் முளைக்கும். "ஹேக் பண்ணிட்டாங்களா தம்பி" என்று கேட்டவர்கள் உண்டு. பயப்பட வேண்டாம். சிம் என்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு இல்லை, உள்ளே ஒரு குட்டிக் கணினி. அதிலிருக்கும் சிறிய மெனுவைத்தான் போன் அப்படிக் காட்டுகிறது. சிம்மை எடுத்தால் அந்தச் சின்னமும் மறைந்துவிடும். அவ்வப்போது திரையில் குதித்து வரும் விளம்பரச் செய்தி சில லைன்களில் அதிலிருந்துதான் வருகிறது, அந்த மெனுவுக்குள் போய்ப் பார்த்தால் நிறுத்தும் இடம் இருக்கலாம். கவனம், சரி என்ற பொத்தானை யோசிக்காமல் அழுத்தினால் கட்டணச் சேவையில் மாட்டிக்கொள்ள நேரும்.

முன்கூட்டியே வரும் ஆப் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. பில் பார்க்க, டேட்டா மிச்சம் பார்க்க லைன் ஆப் வசதியானதுதான். இங்கே பெரும்பாலும் நாமே கடையிலிருந்து இறக்கிக்கொள்கிறோம், வேண்டாமென்றால் நீக்கிவிடுகிறோம். என் கவலை வேறு. முன்கூட்டியே வந்த ஆப்புக்கு, நீங்கள் நிறுவும் ஆப்புக்குக் கிடைக்காத அதிகாரங்கள் கிடைக்கக்கூடும். 2011இல் டிரெவர் எக்கார்ட் என்ற ஆய்வாளர், கேரியர் ஐக்யூ என்ற மென்பொருள் அமெரிக்க லைன் நிறுவனங்களின் போன்களில் பயனருக்குத் தெரியாமல் ஓடுவதைக் காட்டினார். லைனின் தரத்தை அளக்கவே அது என்று நிறுவனங்கள் சொன்னாலும், அங்கே பெரிய சர்ச்சையானது. 2020 ஜனவரியில், அமெரிக்க அரசின் உதவித் திட்டத்தில் வருமானம் குறைந்தவர்களுக்குக் கிடைத்த யூஎம்எக்ஸ் என்ற மலிவுப் போனில் தீய மென்பொருள் முன்கூட்டியே இருந்ததை மால்வேர்பைட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. அதில் ஒன்று செட்டிங்ஸ் ஆப்பே. அதை நீக்கினால் போனே ஓடாது. மலிவுப் போன் வாங்குகிறவர்தான் இதில் அதிகம் அடிபடுகிறார், இடம் குறைந்த போனில் வேண்டாத ஆப் பாதியை அடைத்துக்கொள்வதும் அவருக்குத்தான். இதனால்தான் எனக்கு இந்த விஷயம் சின்னதாகத் தெரியவில்லை. ஐரோப்பாவில் 2024 மார்ச்சிலிருந்து, ஆப்பிள், கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே வரும் ஆப்களை எளிதாக நீக்க வழிவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தியாவில் 2025 கடைசியில் ஓர் அரசு ஆப்பை எல்லாப் புதுப் போனிலும் வைக்கச் சொன்ன உத்தரவு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது.

இனி கைவேலை. பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆப்பின் மேலும் விரலை அழுத்திப் பிடித்தோம். சிலவற்றில் நீக்கு என்று வந்தது, போய்விட்டன. இரண்டு விளையாட்டும் அப்படிப் போனவைதான். சிலவற்றில் நீக்கு இல்லை, முடக்கு மட்டும் இருந்தது. நீக்கு ஏன் இல்லை என்றால், அந்த ஆப் போனின் சிஸ்டம் பகுதியில் இருக்கிறது, அங்கே பயனரால் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. முடக்கினால் அது பட்டியலிலிருந்து மறையும், பின்னால் ஓடாது, புதுப்பித்துக்கொள்ளாது. அதற்கென்று ஒதுக்கிய இடம் மட்டும் திரும்பக் கிடைக்காது, பிறகு வந்து சேர்ந்த அப்டேட்டுகளின் இடம் கிடைக்கும். போனை முழுவதும் அழித்து மறுபடி ஆரம்பித்தால் எல்லாம் பழையபடி முளைக்கும். பலருக்கு முடக்கினாலே போதும். கணினியோடு கேபிள் போட்டு, ஏடிபி என்ற கருவியால் இன்னும் ஆழமாகத் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலும் அசல் கோப்பு சிஸ்டம் பகுதியிலேயே இருக்கும், அந்தப் பயனருக்கு மட்டும் இல்லாததாக ஆகும். எது என்ன என்று தெரியாமல் தூக்கினால் அழைப்பே போகாத போனாகிவிடும், முதல் முறைக்காரர் அதில் இறங்க வேண்டாம்.

புதுப் போன் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழி. முதல் முறை போனை ஆரம்பிக்கும்போது சிம்மைப் போடாமல் வைஃபையில் ஆரம்பியுங்கள். சில போன்கள் முதலில் எந்த லைன் சிம் வருகிறது என்று பார்த்து, அந்த லைனுக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டு ஆப்களையும் இறக்கும். நடுவில் ஒரு பக்கம் வரும், இந்த ஆப்களையும் சேர்க்கவா என்று டிக் போட்ட பட்டியலோடு. அவசரத்தில் எல்லோரும் அடுத்து, அடுத்து என்று தட்டிவிடும் பக்கம் அதுதான். அங்கே நின்று டிக்கை எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சிம்மைப் போடுங்கள்.

பெரியம்மாவின் போனில் நீக்கியது ஐந்து, முடக்கியது நான்கு. பிறகு அவர் நம்பரிலிருந்து என்னை அழைக்கச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே திரையின் மேலே பார்த்தேன், 4ஜி அப்படியே இருந்தது. வேலை முடிந்தது. முடியாமல் நின்றது அந்தச் சின்னம் ஒன்றுதான். போனை அணைத்துப் போட்டால் வரும் அமெரிக்க நிறுவனப் படம் அந்த நிறுவனத்துக்கென்று போட்ட மென்பொருளோடு ஒட்டியது, அந்த மென்பொருளையே மாற்றினால் ஒழியப் போகாது, பெரியம்மாவின் போனில் நான் அதைச் செய்ய விரும்பவில்லை என்று சொன்னேன்.

"இருக்கட்டும் தம்பி" என்றார். "தினம் காலைல ஒரு தடவ அக்கா ஊர் தெரியுதுல்ல."